கொழும்பில் எங்கே நிற்பது?

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து இறங்கிச் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்தால் முதல் கேள்வி, "எங்க நிக்கிறியள்?" வெள்ளவத்தை என்று சொன்னால், "எத்தனையாம் ஒழுங்கை?" என்று கேட்பார்கள். வேறு இடத்தைச் சொன்னால், "அங்க ஏன் போனியள்?" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே நானும் நாலு தடவை கண்ணை மூடிக்கொண்டு வெள்ளவத்தையில் ரூம் போட்டேன். ஐந்தாம் தடவைதான் கொட்டாஞ்சேனையில் மூன்று இரவு நின்று பார்த்தேன். இத்தனை வருடமும் பாதிக் கொழும்பைத்தான் பார்த்திருக்கிறோம் என்று அப்போது விளங்கியது.

முகவரியில் கொழும்புக்குப் பின்னால் வரும் இலக்கத்தை முதலில் பாருங்கள். 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை. மூன்றும் காலி வீதியில் கடலோரமாக ஒன்றையடுத்து ஒன்று வரும். 7 கறுவாத்தோட்டம். 11 புறக்கோட்டையும் 13 கொட்டாஞ்சேனையும் துறைமுகப் பக்கம். தெஹிவளைக்கு இந்த இலக்கம் கிடையாது. விளம்பரத்தில் "வெள்ளவத்தைக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தால் அநேகமாக அது தெஹிவளைதான். அதில் குறையொன்றுமில்லை, வாடகையும் பெரும்பாலும் குறைவு.

வயதுபோன அம்மா அப்பாவோடு வருகிறவர்களுக்கு வெள்ளவத்தையை விட்டால் வேறு இடம் சொல்ல மாட்டேன். மருந்துக்கடையிலும் சந்தையிலும் தமிழிலேயே கதைக்கலாம். காலையில் இடியப்பமும் சொதியும் பார்சல் கட்டிக் கொண்டுவரலாம். பருவம் என்றால் தெருவோரத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். பெயர்தான் கொழும்பான், பழம் வருவது யாழ்ப்பாணத்திலிருந்து. இரவில் யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்ஸுக்கும் இங்கேயே ஏறலாம். வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தை எட்டிப் பாருங்கள். 1942இல் தொடங்கிய சங்கம் அது.

ஆனால் வெள்ளவத்தைக்குள்ளேயே எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். காலி வீதிக்கு மேற்கே கடல் பக்கம், கிழக்கே ஹவ்லொக் வீதிப் பக்கம். படத்தில் கடலைக் காட்டுவார்கள். கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவில் மரைன் டிரைவும் அதை ஒட்டி ரயில் பாதையும் ஓடுவதைக் காட்ட மாட்டார்கள். நான் ஒருமுறை ஐந்தாம் மாடியில் கடல் பார்த்த அறை எடுத்தேன். நேர வித்தியாசத்தால் விடிய மூன்று மணிக்குத்தான் கண்ணயர்ந்தது. விடியற்காலை முதல் ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனபோது கட்டிலோடு சேர்ந்து நானும் ஆடினேன். அப்புறம் அரை மணிக்கொரு ரயில். சின்னப் பிள்ளைகள் இருந்தால் உள்பக்க ஒழுங்கைதான் நல்லது. தொடர்மாடி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் வேலை செய்யுமா? எனக்கு அது செய்யவில்லை. அம்மாவை நாற்காலியில் இருத்தி மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்த ரயிலில் ஏறிப் போவதென்றால் கதையே வேறு. வெள்ளவத்தை நிலையத்தில் டிக்கெட் எடுத்துக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போங்கள். அலுவலக நேரத்தைத் தவிர்த்து, இடப்பக்கக் கதவோரம் இடம் பிடித்தால் கொள்ளுப்பிட்டி வரை கடல். பாறையில் அலை அடிக்கும் நாளில் முகத்தில் தூவானம் விழும். வெளிநாட்டில் பிறந்த என் மகனுக்குக் கொழும்பில் பிடித்தது அதுதான்.

கோட்டையில் இறங்கினால் புறக்கோட்டை நடைதூரம். அங்கே தெருவுக்கொரு வியாபாரம். துணிக்குக் கெய்சர் வீதி, நகைக்குச் செட்டியார் தெரு. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட 1909ஆம் ஆண்டுச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலும் இங்கேதான். நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் நிற்கின்றன. ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். அப்படியே வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் வெயில் நேரத்திலும் கால் குளிரும். கிட்டத்தான் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு சைவரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் அடிபட்ட கோயில் இது. வாசலில் பையைச் சோதித்தால் கோபிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் நான் நின்ற அறை சிறியது, தெருச் சத்தம் அதிகம், கார் நிறுத்த இடமில்லை. முழுக் குடும்பத்தோடு போய் நிற்கச் சொல்ல மாட்டேன். தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்கள் ஓரிரண்டு இரவு நிற்கலாம். புதுக்கடை நீதிமன்றத்தில் காணி வழக்கு அலுவல் இருந்தால் இன்னும் வசதி, ஓட்டோவில் ஏறி இறங்குகிற தூரம். இரட்டைக் குடியுரிமை அலுவல் என்றால் நேர் எதிர்த்திசை. குடிவரவுத் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. காலை நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

கறுவாத்தோட்டம் அழகான இடம், மரநிழல், 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. பார்க்கப் போகலாம். இரவு ஏழு மணிக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கவும் கடை தேட வேண்டியிருக்கும், அதனால் எனக்கு அங்கே நிற்க மனமில்லை. கொள்ளுப்பிட்டியில் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. காலிமுகத்திடல் கிட்ட, பின்னேரம் இறால் வடை தின்னலாம். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் சரி.

கடைசி இரவைக் கொழும்பில் வைக்காதீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து நடுச்சாமத்தில் விமானம் என்றால் பகலிலேயே நீர்கொழும்புக்குப் போய்விடுங்கள், விமான நிலையம் அங்கிருந்து கிட்ட. மீன் சந்தையைப் பார்த்து, கருவாடு வாங்குவதென்றால் நாலு பொலித்தீன் சுற்றிக் கட்டச் சொல்லி, பின்னேரம் குளித்துவிட்டு ஒரு தூக்கம் போடலாம்.