கட்லெட்டுக்குத் தூள் வீட்டிலேயே: எங்கே சறுக்குகிறோம்?

பிரெட் பாக்கெட்டின் இரண்டு முனைத் துண்டுகளை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. கட்லெட்டின் மேல் புரட்டும் தூளுக்கு அவைதாம் வாகானவை. ஆனால் பலர் அவற்றை அப்படியே மிக்ஸியில் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். மென்மையான பிரெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான். அரைத்தால் தூளாகாது, கட்டி தட்டும், எண்ணெயையும் குடிக்கும்.

சென்னையில் மே மாத வெயிலில் காயவைத்தால் ஒரே பகலில் சுக்காகிவிடும், காக்கையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொட்டை மாடியை நம்பவே கூடாது. தோசைக்கல்லில் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் போடலாம். ஓவன் இருந்தால் 120 டிகிரியில் 15, 20 நிமிடம். இங்கேதான் அடுத்த சறுக்கல்: பொன்னிறம் வரட்டும் என்று காத்திருப்பது. அந்த நிறம் எண்ணெயில் வரவேண்டியது. முன்கூட்டியே சிவந்த தூள், உள்ளே கிழங்கு சூடாவதற்குள் கருகிவிடும். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைப்பதும் வேண்டாம். மூடியில் ஆவி கோத்து, நான்கே நாளில் பூசணம் பூக்கும்.

பிரெட் இல்லாத நாளில் ரஸ்க்குக்குக் கை நீளும். ரஸ்க்கில் சர்க்கரை உண்டு. அது சீக்கிரம் கருகும். ஒருமுறை ஏலக்காய் ரஸ்க்கைப் பொடித்துப் போட்டுவிட்டேன். மீன் கட்லெட் பாயச வாசனையோடு வந்தது. பாதிக்குப் பாதி ரவை கலந்தால் ரஸ்க் அடங்கும். கார்ன்ஃபிளேக்ஸ் என்றால் இனிப்பு சேர்க்காத வகை, அதுவும் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கியது. மாவாக அரைத்தால் மொறுமொறுப்பு போய்விடும். சேமியாவை ஒடித்து லேசாக வறுத்துக்கொண்டால் நன்றாகவே வரும். அவல் ஈரத்தை உடனே இழுக்கும், புரட்டிய கையோடு பொரித்துவிட வேண்டும்.

தூளிலேயே உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். கடற்காற்று வீசும் ஊரில் உப்பு ஈரத்தை வாங்கித் தூளை நமுக்கச் செய்யும். மிளகாய்த்தூள் உதிர்ந்து வாணலியின் அடியில் கரியும். காரம் மசாலாவில் இருக்கட்டும்.

தூள் உதிர்கிறது என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் மாவுக் கரைசலில்தான் தவறுகிறார்கள். முட்டை வேண்டாதவர்களுக்கு 2 மேசைக்கரண்டி மைதா, 1 மேசைக்கரண்டி சோள மாவு, கால் கப் தண்ணீர். தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தூளோடு சேர்ந்து பாளமாகப் பெயரும். கட்லெட்டை முதலில் உலர்ந்த மைதாவில் ஒற்றி, கரைசலில் முக்கி, பிறகு தூளில் புரட்டுங்கள். ஒரு கை ஈரத்துக்கு, மறு கை தூளுக்கு. பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகைத் தூளைப் போடுங்கள். உடனே நுரைத்து மேலே வரவேண்டும். வாணலி கொள்ளாமல் அடுக்கினால் சூடு இறங்கிவிடும்.

தட்டில் மிஞ்சிய தூளைத் திரும்ப டப்பாவில் கொட்டாதீர்கள். முட்டையோ மீனோ பட்ட தூள் அது. மிஞ்சிய கரைசலோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிள்ளிப் போட்டுப் பொரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கட்லெட்டுக்கு முன் தீர்வது அதுதான்.