மது இல்லாத காக்டெயில்: எது தேறும், எது தேறாது?

மொஹிட்டோவில் ரம்மை விட்டுவிட்டாலும் எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா நான்கும் இருக்கின்றன. குடிக்க நன்றாகவே இருக்கும். பீனா கொலாடாவும் அப்படித்தான், அன்னாசியும் தேங்காயும் போதும். பிளடி மேரியில் வோட்காவை நீக்கினால் அது வர்ஜின் மேரி. தக்காளிச் சாறு, மிளகு, காரம் எல்லாம் அப்படியே இருப்பதால் மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். (சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அதில் சேர்க்கும் வூஸ்டர் சாஸில் பெரும்பாலும் மீன் இருக்கும்.)

மார்ட்டினி, நெக்ரோனி இரண்டையும் விட்டுவிடலாம். அவை கிட்டத்தட்ட முழுக்க மதுவால் ஆனவை.

சரி, மதுவை எடுத்ததும் பானம் ஏன் வெறும் ஜூஸ் போல ஆகிவிடுகிறது? தொண்டையில் இறங்கும்போது இருக்கும் அந்தச் சுரீர் போய்விடுகிறது, இனிப்பு மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. சுரீருக்கு இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன் விடுங்கள். துவர்ப்பு வேண்டுமென்றால் பால் சேர்க்காத கடும் தேநீரை ஆறவைத்து 30 மி.லி. ஊற்றலாம். கசப்புக்கு, சோடாவுக்குப் பதிலாக டானிக் வாட்டர். மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டாம், ஒன்றே போதும். சர்க்கரையை வழக்கமான அளவில் பாதியில் தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

அப்புறம், பிட்டர்ஸ், அதாவது காக்டெயிலில் மணத்துக்காகச் சொட்டுச் சொட்டாக விடும் கசப்பான மூலிகைச் சாறு. அங்கஸ்டுரா என்ற பிராண்டு பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ஊற்றுவது சில சொட்டுதான் என்றாலும், மதுவை முற்றிலும் தவிர்ப்பவருக்குத் தரும் கோப்பையில் அதைச் சேர்க்காதீர்கள்.