ஐநேச்சுரலிஸ்டில் பதிவு போடுகிறீர்களா? இப்படிப் படம் எடுங்கள்

கண்ட உயிரினங்களின் படங்களைப் பதிந்து, ஒருவருக்கொருவர் பெயர் கண்டுபிடிக்க உதவும் தளமும் செயலியும்தான் ஐநேச்சுரலிஸ்ட். அதில் நான் சொந்தமாகப் போடும் பதிவுகளைவிட, மற்றவர்களின் படங்களுக்குப் பெயர் சொல்லும் நேரமே அதிகம். அதனால் என் யோசனையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்: பெயர் சொல்லத் தோதாகப் படம் எடுங்கள்.

செடி என்றால் எல்லோரும் பூவை மட்டும் எடுக்கிறார்கள். எனக்கு இலையும் வேண்டும். இலைகள் தண்டில் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று தெரிகிற மாதிரி ஒரு படம், இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு படம், காய் இருந்தால் அதுவும். காளான் என்றால் கேமராவைத் தரையோடு வைத்துக் குடையின் அடிப்பகுதியையும் எடுங்கள். வண்ணத்துப்பூச்சி சிறகை மூடிக்கொண்டதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பல இனங்களை அந்த அடிச்சிறகுக் கோலத்தை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். தவளையோ பறவையோ கண்ணில் படாவிட்டால் குரலைப் பதிந்து ஏற்றலாம்.

ஓர் உயிரின் படங்கள் எல்லாம் ஒரே பதிவில் இருக்கட்டும். பூவுக்கும் அதில் உட்கார்ந்த தேனீக்கும் தனித்தனிப் பதிவு, படம் ஒன்றே ஆனாலும். தேதியும் இடமும் கட்டாயம். வீட்டில் எடுத்தது என்றால் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. அருகிவரும் பல இனங்களுக்குத் தளமே துல்லியமான இடத்தை மறைத்துவிடும். தொட்டியில் வளர்த்த செடியை வளர்ப்பு என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அது காட்டில் முளைத்ததாகக் கணக்காகிவிடும்.

செயலி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். அந்த இனம் உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகமா, இனத்துக்கு மேலே உள்ள பேரினம், குடும்பம் என்ற பெரிய பிரிவுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். குறைந்தது இருவர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தை ஒப்புக்கொண்டால்தான் பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்ற தகுதியைப் பெறும். பதிவுக்கு நீங்கள் தேர்ந்த உரிமம் இடம் கொடுத்தால் அது ஜிபிஐஎஃப் என்ற உலக உயிரினத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். அதனால்தான் நண்பர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

அப்புறம், தேடிப் பார்க்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். இடத்தையும் உயிரினத்தையும் கொடுத்தால் அங்கே கண்டவை எல்லாம் வரைபடத்தில் வரும். ஒவ்வோர் இனத்தின் பக்கத்திலும் எந்த மாதத்தில் எத்தனை பதிவு என்று காட்டும் விளக்கப்படம் இருக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் பதிவு குறைவு என்றால் உயிரினம் குறைவு என்று அர்த்தமில்லை, பார்க்கப் போனவர்களும் குறைவாக இருந்திருக்கலாம்.

பெயரே தெரியாவிட்டால் பெட்டியைக் காலியாக விடாமல் ‘வண்டு’, ‘பறவை’ என்றாவது போடுங்கள். வண்டுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணில் அப்போதுதான் அது படும்.