கையைக் கடிக்காத கோடை விடுமுறை

பள்ளிக்கூடம் பூட்டியதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர் ஆகிவிடுவார்கள். என்னுடைய இருவர், சென்னையிலிருந்து வரும் அக்காவின் பிள்ளைகள் இருவர். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பள்ளிச் சீருடைகள் வந்து குவிவதும் அதே மாதங்களில்தான். மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. கோடைப் பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டவும் வழியில்லை. ஆனாலும் பிள்ளைகள் விடுமுறை முடிந்து புறப்படும்போது முகம் வாடித்தான் புறப்படுகிறார்கள். எப்படி என்று அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நாளைப் பிரித்துக் கொடுப்பது வெயில்தான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். மலைகளில் ஏறிய சூடு இரவிலும் லேசில் இறங்காது. அதனால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெளி வேலை, பத்திலிருந்து நான்கரை வரை தரையில் உட்கார்ந்து ஆடும் ஆட்டம், அதன் பிறகு தெரு, இரவில் மொட்டை மாடி. ஒவ்வொரு பொழுதுக்கும் உரியதை அந்தந்தப் பொழுதில் மட்டும் கொடுங்கள். காலையிலேயே எல்லாவற்றையும் கடை பரப்பினால் பதினோரு மணிக்கு எல்லாம் சலித்துவிடும், கை செல்போனைத் தேடும்.

செலவுக்கு ஒரு ஏற்பாடு. வாரத்துக்கு இருநூறு ரூபாயைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நுங்கு, ஐஸ், பஸ், மாஞ்சா இல்லாத காற்றாடி நூல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அக்காவின் மூத்த பெண்தான் கணக்கு எழுதுவாள். பணம் நம் கையில் இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கைக்குப் போய்விட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

காலை வேலைகளில் முதலாவது கூழ் வடாம். மாவைக் காய்ச்சுவது என் பொறுப்பு. பழைய வேட்டியை மாடியில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. தங்கள் பெயரின் முதல் எழுத்தாக ஊற்றட்டும், பூவாக ஊற்றட்டும், தடுக்காதீர்கள். காக்காய் ஓட்டும் முறை யாருக்கு என்பதிலேயே அரை நாள் பேச்சு ஓடும். வடாம் காய்ந்ததும் வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பதையும் அவர்களிடமே விடுங்கள்.

அடுத்தது நுங்கு வண்டி. இதற்குக் காசே வேண்டாம். நுங்கு தின்ற பிறகு தூக்கிப் போடும் மட்டைதான் சக்கரம். வாங்கும்போதே வண்டிக்காரரிடம், 'கண்ணைத் தோண்டி எடுக்காதீர்கள் அண்ணா, மேலே மட்டும் சீவிக் கொடுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். விரலால் நோண்டித் தின்ற பிறகு ஒரே அளவுள்ள இரண்டு மட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்குக் குறைவான உறுதியான குச்சியின் இரு முனைகளையும் கூராகச் சீவி, ஒவ்வொரு மட்டையின் நடுவிலும் செருக வேண்டும். நடு தப்பினால் வண்டி நொண்டும். பிறகு வேம்பிலோ புங்கத்திலோ பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கவையுள்ள கொம்பு ஒன்று வெட்டி, அந்தக் கவையை அச்சுக் குச்சியின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். அரிவாளும் கத்தியும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். மட்டை பச்சையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். காய்ந்து சுருங்கினால் குச்சி கழன்றுவிடும். விளையாட்டுச் சாமான் உடைந்தால் அழுகிற பிள்ளைகள், இது உடைந்தால் அழுவதில்லை. அடுத்த நுங்குக்குக் கணக்குப் போடுவார்கள்.

பகல் பொழுதுதான் எல்லாத் தாய்மாருக்கும் சோதனை. எனக்கு அதில் கைகொடுத்தது ஆடு புலி ஆட்டம். தையல் சாக்கால் சிமெண்டுத் தரையில் வரைந்துவிடலாம். ஒரு பெரிய முக்கோணம் போடுங்கள். அதன் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு நடுவே இன்னும் இரண்டு கோடுகள் இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள் நான்கு. குறுக்கே மூன்று கோடுகளை முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் நீளும்படி போட்டு, அந்த நுனிகளை இடப்பக்கம் ஒரு நேர்கோட்டாலும் வலப்பக்கம் ஒரு நேர்கோட்டாலும் இணையுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வர வேண்டும்: உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4. வராவிட்டால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

புலி மூன்று, ஆடு பதினைந்து. எங்கள் வீட்டில் தீர்ந்துபோன நூல்கண்டுக் கட்டைதான் புலி, சட்டைப் பொத்தான்தான் ஆடு. ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் அதற்கு அடுத்த குறுக்குக் கோட்டின் நடுப் புள்ளிகளில் நிற்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாகப் பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். மூன்று புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு வென்றது. புதிதாக ஆடுகிற பிள்ளை ஆடுகளை நடுவில் கொண்டுபோய் வைத்துப் பறிகொடுக்கும். வெளி ஓரங்களில் தொடங்கி நெருக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். என் இளைய பையன் அதைத் தானாகக் கண்டுபிடித்த மத்தியானம், சோறு உண்ணக்கூட எழுந்து வரவில்லை. வைத்த ஆட்டைப் பார்ப்பதும், புலியின் முகத்தை, அதாவது எதிரே ஆடிய தன் அக்காவின் முகத்தைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தான். அந்த உட்காரலை எந்தப் பயிற்சி வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லாவிட்டால் தரையில் ஏழேழாகப் பதினான்கு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை வைத்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு எண்ணிப் பழக இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. தாயம், ஐந்தாங்கல் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப் பாட்டிமாரிடம் விட்டுவிடுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை கோட்டைக்கு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பையன்களுக்கு அரை டிக்கெட்தான். தண்ணீர் பாட்டிலும் வீட்டில் பொரித்த முறுக்கும் எடுத்துக்கொண்டால் வேறு செலவு கிடையாது. அரசு அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை போய் ஏமாற வேண்டாம், அன்று விடுமுறை.

பிறகு ஜலகண்டேசுவரர் கோயில். 'எல்லாவற்றையும் பாருங்கள்' என்று சொன்னால் பிள்ளைகள் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஒரு தூணைப் பிரித்துக் கொடுத்து, அதில் உள்ள உருவங்களை எண்ணி எழுதச் சொல்லுங்கள். யாளியா குதிரையா என்று சண்டை வரும், வரட்டும். இந்தக் கோயில் நெடுங்காலம் சிவலிங்கம் இல்லாமல் கிடந்து, 1981இல்தான் மீண்டும் வழிபாடு தொடங்கியது என்று சொன்னபோது, 'அதுவரை சாமி எங்கே இருந்தார்?' என்று கேட்டாள் என் மகள். நல்ல கேள்வி. சத்துவாச்சாரியில்தான் லிங்கம் இருந்தது என்றதும், 'நம்ம ஊரிலா!' என்று நின்றுவிட்டாள்.

அகழியோரம் காற்று வாங்கும்போது 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் கதையைச் சொல்லுங்கள். நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, புதுவகைத் தொப்பிதான் அணிய வேண்டும் என்று கும்பெனி அதிகாரிகள் போட்ட உத்தரவு. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தது. திப்புவின் பிள்ளைகள் இதே கோட்டைக்குள் காவலில் இருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது. ஆற்காடு எங்கே இருக்கிறது, குதிரை எவ்வளவு நேரத்தில் வந்திருக்கும் என்று பையன்கள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். கோட்டைக்கு எதிரே உள்ள நினைவுத் தூணை அதற்குப் பிறகு காட்டுங்கள். அகழிச் சுவரில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

இரவு மாடியில் பாய் விரித்தால் பார்க்க வானம் இருக்கிறது. மே மாதம் ஒன்பது மணிக்கு வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம். வளைந்த வாலின் நடு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியும், வசிட்டரும் அருந்ததியும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் சுவாதி, இன்னும் போனால் சித்திரை. துருவ நட்சத்திரம் வடக்கே மிகத் தாழ்வாக இருக்கும். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 13 டிகிரி வடக்கே இருப்பதால் அதுவும் அடிவானத்திலிருந்து அத்தனை டிகிரிதான் மேலே நிற்கும். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி என்று அளக்கக் கற்றுக்கொடுத்தால், நிலா வரை எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் தூங்குவார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது பாரதக் கூத்து. வட ஆற்காட்டுப் பிள்ளை ஒன்று கூத்துப் பார்க்காமல் வளர்வதை என்னால் பொறுக்க முடியாது. பங்குனி முதல் வைகாசி தாண்டியும் ஆற்காடு, கலவை, ஆரணி, செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. டிக்கெட் கிடையாது. எந்த ஊரில் என்றைக்கு எந்தக் கதை என்பதைச் சுவரொட்டி சொல்லிவிடும். என் தாய்வீடு கலவைப் பக்கம் என்பதால் அங்கே போய்விடுவோம்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகளைக் கட்டாயம் தூங்க வையுங்கள். கூத்துத் தொடங்கும் முன்பே போய், வேடம் கட்டும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொள்ளும் மனிதர் சிறிது சிறிதாகத் துரியோதனன் ஆவதை அக்காவின் பையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைக் கிரீடமும் புஜகீர்த்தியும் ஏறியதும் இரண்டடி பின்னால் நகர்ந்தான். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்தபோதுதான் என் கையை விட்டான். விடியும்வரை பார்க்க வேண்டும் என்பதில்லை. பாயில் சாய்ந்து தூங்கி, முகவீணைக் குழலின் ஓசை எழுப்பும்போது எழுந்து பார்த்தாலும் போதும். ஒரு நாள்தான் போக முடியும் என்றால், துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலை போங்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பிள்ளைகள் அவன் கால் கட்டைவிரல் உயரம்கூட இருக்கிறோமா என்று பார்ப்பார்கள்.

வீடு திரும்பினால் அடுத்த பத்து நாளுக்குப் பகல் வேலை தயார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, மைதாப் பசை, இனிப்புப் பெட்டியின் தங்கக் காகிதம், ரவிக்கை வேலையில் மிஞ்சிய கண்ணாடிச் சில்லு. கிரீடத்துக்கு இவை போதும். தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அதைவிட ஓர் அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லுங்கள், ஒட்டுவதற்கு அது வேண்டும். வசனத்தை அவர்களே கட்டிக்கொள்வார்கள். திரை பிடிக்க மட்டும் இரண்டு பெரியவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் அந்த அரை மணியாவது மிஷினை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருங்கள். மற்ற நேரத்தில் அவர்கள் நம்மைத் தேட மாட்டார்கள்.

மே கடைசியில் பழைய நோட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுதாத தாள்களைக் கிழித்து, அளவு பார்த்து அடுக்கி, நடுவில் மடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. மடிப்பின் மேல் தையல் ஓட்டி, மேலே காலண்டர் அட்டை போட்டால் ஆளுக்கு இரண்டு ரஃப் நோட்டு கிடைத்துவிடும். தையல் மிஷின் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: தையலை நீளமாக வைத்து, ஒரு தடவைக்குப் பத்துத் தாளுக்கு மேல் வைக்காதீர்கள். தேய்ந்த ஊசியைப் போட்டுத் தையுங்கள். காகிதம் ஊசி முனையை மழுக்கிவிடும், அந்த ஊசியைப் பிறகு துணிக்குப் போட்டால் நூல் இழுத்துவிடும்.