பழைய ஆங்கிலக் கிராமத்தைப் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் நாம் அழகு என்று வியக்கும் கிராமங்கள் பலவும், பணம் கொட்டிவிட்டுத் திடீரென்று வற்றிப்போன இடங்கள். சஃபோக் மாவட்டத்து லாவன்ஹாம், 1524 வரிக்கணக்கின்படி நாட்டின் பெரிய பணக்கார ஊர்களில் ஒன்று. எல்லாம் கம்பளித் துணி வியாபாரம். பிறகு கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்களின் மெல்லிய, மலிவான துணி சந்தையைப் பிடித்துக்கொண்டது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் காசில்லை. மரச்சட்ட வீடுகள் அப்படியே தங்கிவிட்டன. வில்ட்ஷயரின் லேகாக் கதை வேறு. ஏறக்குறைய ஊர் முழுவதும் டால்பட் குடும்பத்தின் சொத்தாக இருந்து, 1944இல் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனதால் கண்டபடி மாறாமல் பிழைத்தது. ஆகவே எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி: இங்கே பணம் எப்போது வந்தது, எப்போது நின்றது?

கிளம்புமுன் இரண்டு வரைபடங்கள் வேண்டும். ஒன்று, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு ‘எக்ஸ்புளோரர்’ தாள். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் அதில் பச்சைக் கோடுகளாக இருக்கும். மற்றது, அதே ஊரின் 19ஆம் நூற்றாண்டு சர்வே வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வீடு புதிது, எந்தச் சந்து காணாமல் போனது என்று கால் மணி நேரத்தில் பிடிபடும்.

ஊருக்குள் முதலில் தேவாலயம். பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும்; வாசலில் கம்பி வலைக் கதவு இருந்தால் உள்ளே போனதும் சாத்திவிடுங்கள், பறவை நுழைந்தால் வெளியேறத் தெரியாமல் செத்துவிடும். காலத்தைச் சொல்வது வளைவுகளும் ஜன்னல்களும்தான். அரைவட்ட வளைவும் பருத்த தூணும், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் காலம், 1066க்குப் பின் சுமார் 1190 வரை. ஒல்லியான கூர்முனை ஜன்னல் 13ஆம் நூற்றாண்டு. கல் சட்டங்கள் அடியிலிருந்து உச்சிவரை நேராக ஏறும் அகன்ற ஜன்னல் 1350க்குப் பிந்தையது. சிறிய ஊரில் அளவுக்கு மீறிய கோபுரமும் இந்த அகன்ற ஜன்னல்களும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கம்பளிப் பணம்தான் காரணம். இங்கே பலர் ஏமாறும் இடமும் உண்டு. விக்டோரியா காலத்தில் நூற்றுக்கணக்கான தேவாலயங்களைப் புதுப்பித்தவர்கள் நார்மன் பாணியிலேயே புது வளைவுகளை வைத்தார்கள். கல்லின் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக, எல்லாக் கல்லும் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து வீடுகள். முகப்பை நம்பாதீர்கள், பக்கச் சந்தில் நுழைந்து பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் பழைய மரச்சட்ட வீட்டின் முன்னால் மட்டும் செங்கல் சுவர் எழுப்பி நவீனமாக்குவது வழக்கம். செங்குத்தான கூரையும் வீட்டு நடுவில் பெரிய புகைபோக்கியும் இருந்தால், செங்கல்லுக்குப் பின்னால் மரச்சட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். மரம் வெளியே தெரிந்தால் நெருங்கிப் பாருங்கள்: பொருத்துகளின் அருகே உளியால் கீறிய ரோமன் எண்கள் தென்படும். தச்சர்கள் தங்கள் பட்டறையில் சட்டத்தை முழுதாகப் பூட்டிப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, மனையில் மறுபடி பூட்டிய அடையாளம் அது. ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே பயன்படுத்தினார்கள். சட்டத்தில் ஏறிய பிறகு அது காய்ந்து முறுக்கிக்கொண்டது. லாவன்ஹாம் வீடுகள் கோணலாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். சட்டங்கள் நெருக்கமாக நின்றால் மரத்துக்குச் செலவழிக்க வசதியிருந்தவர் வீடு. கன்னங்கரேல் என்ற மரமும் வெள்ளைச் சுவரும் பல இடங்களில் 19ஆம் நூற்றாண்டு மோகம் மட்டுமே.

காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிப் பக்கம் போனால் கூரையை நிதானமாகப் பாருங்கள். கல் ஓடுகள் கீழ் விளிம்பில் பெரிதாகத் தொடங்கி, வரிசைக்கு வரிசை சிறுத்து, முகட்டில் உள்ளங்கை அளவாகிவிடும். பிபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை இதற்கு நல்ல உதாரணம். 14ஆம் நூற்றாண்டில் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். இன்றும் அங்கே ஆட்கள் வசிக்கிறார்கள். ஜன்னலில் முகம் பதித்துப் பார்க்க வேண்டாம். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள்.

அடைத்த ஜன்னலைக் கண்டதும் ஜன்னல் வரி என்று முடிவுகட்டுவது பொதுவான தவறு. அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் முகப்பு இருபுறமும் சமமாகத் தெரிவதற்காகத் தொடக்கத்திலேயே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் நிறைய. சுவரில் செங்கல் முகம் உதிர்ந்து, நடுவே சாம்பல் நிறச் சாந்து துருத்திக்கொண்டிருந்தால் அது சிமென்ட் செய்த வேலை. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. தங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து செங்கல்லையே பெயர்க்கும்.

கடைசியாக ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடங்கள். பாதைக் கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயல் வேலியில் திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியும் விட்டுச் செல்லுங்கள். குளிர்கால மாலையில், வெயில் சாய்வாக விழும்போது, மேய்ச்சல் நிலத்தில் நீளநீளமான வரப்பு மேடுகள் தெரியலாம். பழைய உழவின் தடம் அவை. மேடுகள் இரு முனையிலும் லேசாக வளைந்திருக்கும், ஏனென்றால் நீண்ட எருதுப் பூட்டைத் திருப்ப இடம் வேண்டியிருந்தது. அவற்றை வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் வேலி ஓடினால், பொது வயலைத் தனித்தனியாக அடைத்த காலத்து வேலை அது. பெரும்பாலும் 1750க்குப் பிந்தையது. அடைக்காத பழைய வயல்முறை இன்றும் நடப்பதைப் பார்க்க விரும்பினால் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனுக்குப் போங்கள்.

திரும்பும்போது பிரதான தெரு வழியே வராமல், தோட்டங்களின் பின்புறம் ஓடும் சந்தைத் தேடி அதில் வாருங்கள். மனைகள் ஒரே அகலத்தில் நீளநீளமாக அந்தச் சந்துவரை வந்து முடிந்தால், தானாக வளர்ந்த ஊராக அது இருக்க வாய்ப்பு குறைவு. இடைக்காலத்தில் நிலப்பிரபு அளந்து போட்ட ஊராக இருக்கலாம்.