10.8 வந்தால் எங்கே பிழை? வீட்டிலேயே செய்யும் ஊசல் பரிசோதனை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் பௌதிகவியல் படிக்க வருவார்கள். எல்லோரும் உயர்தரம் முதலாம் வருடம். போன கிழமை, ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனையைப் பற்றி அதில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, போனில செய்தா 9.81 டக்கெண்டு வருது. நூலைக் கட்டிச் செய்தா 10.8 வருது. பிறகேன் நூலோட மினக்கெடுவான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பரீட்சையில் கேட்கப்போவது அந்த 10.8 எப்படி வந்தது என்பதைத்தான். திரையில் ஆடும் ஊசல் பிழை விடாது. பிழை விடாத ஒன்றிடமிருந்து வழுவைப் பற்றிப் படிக்க முடியாது. அதனால் நான் ஒரே பரிசோதனையை மூன்று தடவை செய்யச் சொல்வேன்: முதலில் கையால், அப்புறம் திரையில், கடைசியாகப் பேனையால். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். திரையை முதலில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். விடை தெரிந்த பிறகு கை பொய் சொல்லத் தொடங்கும்.

எளிய ஊசலை வைத்துத் தொடங்குவோம். புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண வேண்டும்.

சாமான்

ஒரு ஈயக் குண்டு, தையல் நூல், இரண்டு அழிறப்பர், உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று, அளவு நாடா, போன், வரைபுத்தாள். திருகோணமலையில் ஈயக் குண்டுக்குப் பஞ்சமில்லை. மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் நடுவில் துளையுள்ள உருண்டைக் குண்டு கிடைக்கும். 2 செ.மீ. விட்டமுள்ளது போதும், ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நூல் விஷயத்தில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். அதே கடையில் தங்கூசியும் (மீன்பிடி நைலோன் நூல்) வாங்கி வந்து அதில் குண்டைக் கட்டினேன். தங்கூசி சுருளில் கிடந்த வளைவை மறக்காது. குண்டு தொங்கும்போதும் அது நெளிந்தே நின்றது. நீளம் 40 செ.மீ. என்று அளந்தால், ஆடும்போது அது 40 ஆக இருக்கவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க வீண். சாதாரண தையல் நூலை இரட்டையாக எடுங்கள்.

தொங்கவிடுதல்

யன்னல் கம்பியில் நூலைச் சுற்றிக் கட்டாதீர்கள். சுற்றிக் கட்டினால் ஊசல் ஆட ஆட நூல் கம்பியில் உருண்டு, நீளம் கூடிக் குறையும். பள்ளிக்கூட ஆய்கூடத்தில் பிளந்த தக்கைக்குள் நூலைச் செருகுவது இதற்காகத்தான். வீட்டில் தக்கைக்குப் பதில் இரண்டு அழிறப்பர். நூலை இரண்டுக்கும் நடுவில் வைத்து கிளிப்பால் இறுக்கி, கதவு நிலையின் மேல் ஆணியிலோ மேசை விளிம்பிலோ அசையாமல் பொருத்துங்கள். அழிறப்பரின் கீழ் விளிம்புதான் தொங்கு புள்ளி.

நீளம் என்பது அந்தப் புள்ளியிலிருந்து குண்டின் நடு வரைக்கும். குண்டின் மேல் முனை வரைக்கும் அளப்பது வழக்கமான தவறு. அதைப் பிறகு பார்ப்போம், அந்தத் தவறில் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது.

இன்னொன்று, காற்று. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் விறாந்தையில் இதைச் செய்யவே முடியாது. குண்டு நேர்கோட்டில் ஆடாமல் முட்டை வடிவில் சுற்றும். அறைக்குள் போங்கள், யன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியையும் நிற்பாட்டுங்கள். வியர்க்கும், பரவாயில்லை.

எண்ணுதல்

இங்கேதான் 10.8 பிறக்கிறது.

குண்டைச் சிறிது இழுத்து விடுங்கள். 10 பாகைக்கு மேல் வேண்டாம். நூல் 60 செ.மீ. என்றால் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்தால் போதும். விட்டவுடன் எண்ண வேண்டாம், இரண்டு மூன்று தடவை ஆடட்டும். குண்டு ஓய்வாகத் தொங்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருங்கள். குண்டு அந்தக் கோட்டை இடமிருந்து வலமாகக் கடக்கும்போது கடிகாரத்தைத் தட்டி, வாயால் "பூச்சியம்" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அதே திசையில் கடக்கும்போது "ஒன்று". இப்படி "இருபது" வரும்போது நிறுத்துங்கள்.

நம் வாய் பூச்சியத்தில் தொடங்கப் பழகவில்லை. தட்டியவுடன் "ஒன்று" என்றுதான் வரும். அப்படித் தொடங்கி இருபதில் நிறுத்தினால் உண்மையில் நடந்தது 19 அலைவு. அதை 20 ஆல் பிரித்தால் அலைவு காலம் 5 சதவீதம் குறையும். ஆர்முடுகல் காலத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகப் போவதால் அது கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடிவிடும். 9.8 இருக்க வேண்டிய இடத்தில் 10.8. தங்கச்சியின் கொப்பியை வாங்கிப் பார்த்ததும் சொன்னேன், "நீ ஒண்டில தொடங்கியிருக்கிறாய்." அவள் நம்பவில்லை. திரும்பச் செய்ய வைத்தேன், 9.7 வந்தது. அப்புறம்தான் நம்பினாள்.

ஏன் 20 அலைவு? கடிகாரத்தைத் தட்டும் விரல் ஏறத்தாழ 0.2 செக்கன் முந்தும் பிந்தும். 80 செ.மீ. ஊசலின் ஒரு அலைவு 1.8 செக்கன். ஒரே அலைவை அளந்தால் வழு 11 சதவீதம். 20 அலைவுக்கு 36 செக்கன், அதே 0.2 இப்போது 0.6 சதவீதம்கூட இல்லை. விரல் மாறவில்லை, பங்குதான் மாறியது.

கணக்கு

30 செ.மீ. தொடங்கி 90 செ.மீ. வரை ஐந்து ஆறு நீளங்களுக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். எங்கள் விறாந்தை அறையில் கிடைத்ததில் இரண்டைச் சொல்கிறேன். 40 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவு 25.4 செக்கன், அலைவு காலம் 1.27, அதன் வர்க்கம் 1.613. 80 செ.மீ. நீளத்துக்கு 35.9 செக்கன், அலைவு காலம் 1.795, வர்க்கம் 3.222.

கிடை அச்சில் நீளத்தை மீற்றரில், நிலைக்குத்து அச்சில் காலத்தின் வர்க்கத்தை வைத்து வரைபு வரைந்தால் நேர்கோடு வரும். நீளம் 0.40 மீற்றர் கூட, வர்க்கம் 1.609 கூடியது. கோட்டின் சாய்வு, அதாவது படித்திறன், 4.02. பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தின் நான்கு மடங்கை நீளத்தால் பெருக்கி, காலத்தின் வர்க்கத்தால் பிரித்தால் ஆர்முடுகல், இதுதான் சூத்திரம். அந்த நான்கு மடங்கு 39.48, அதைப் படித்திறனால் பிரித்தால் 9.8. நாங்கள் இரண்டு புள்ளியை வைத்து விளக்கத்துக்காகச் செய்தோம். நீங்கள் எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே கோட்டை வரைந்து, கோட்டின் மேல் தூரமான இரண்டு இடங்களை எடுத்துப் படித்திறன் காணுங்கள்.

9.81 அச்சொட்டாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கும் நம் ஊரில் அது 9.78 தான். துருவங்களில் 9.83. 1672 இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் கொஞ்சம் கட்டையாக்கித்தான் ஓட வைத்தார். கயேனும் நம்மைப் போலப் பூமத்திய கோட்டுக்கு வடக்கே சில பாகையில் இருக்கும் ஊர்.

சரி, குண்டின் மேல் முனை வரைக்கும் அளந்தால்? ஒவ்வொரு நீளத்திலும் 1 செ.மீ. குறையும். 40 ஐ 39 என்று எழுதி நேரடியாகச் சூத்திரத்தில் போட்டால் 9.55 வரும். 80 ஐ 79 என்று போட்டால் 9.68. ஆனால் வரைபு வரைந்தால் படித்திறன் அப்படியே 4.02, விடை 9.8! கோடு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்ததே தவிரச் சாயவில்லை. உற்பத்தியூடாக (அச்சுகள் சந்திக்கும் புள்ளியூடாக) போக வேண்டிய கோடு நிலைக்குத்து அச்சை 0.04 இல் வெட்டும், அவ்வளவுதான். சூத்திரம் இருக்க ஏன் வரைபு என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து காட்டுவேன்.

இப்போது திரை

ஃபெட் (PhET) என்ற இலவசத் தளம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழாக்கம் செய்யப்பட்ட சிமியுலேஷன்களும் உண்டு. ஊசல் ஆய்கூடத்தைத் திறந்து, கையால் செய்ய முடியாததை மட்டும் செய்யுங்கள். 9.81 வருகிறதா என்று பார்ப்பது நேர விரயம்.

முதலில் திணிவை மாற்றுங்கள். அலைவு காலம் அசையாது. பிறகு 10 பாகையில் விட்டு அலைவு காலத்தைக் குறியுங்கள், 60 பாகையில் விட்டுத் திரும்பக் குறியுங்கள். ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருக்கும். சிறிய கோணம் வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதற்குக் கண் முன்னே சாட்சி. அப்புறம் சந்திரனுக்குப் போங்கள்: 80 செ.மீ. ஊசல் அங்கே ஒரு அலைவுக்கு 4.4 செக்கன் எடுக்கும். முடிவில் அங்கே பெயர் தெரியாத கோள் ஒன்று இருக்கும். அதன் ஈர்ப்பு எவ்வளவு என்று திரை சொல்லாது. கையால் செய்த அதே முறையில், வரைபோடு, கண்டுபிடியுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதில்தான் உசார் வரும்.

பேனை

உயர்தரப் பௌதிகவியலில் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளின் முதற்பகுதியில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு, நான்கும் கட்டாயம். பரிசோதனைக் கேள்விகள் வந்து விழுவது அங்கேதான். கடந்தகால வினாத்தாள்களை கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலேயே எடுக்கலாம்.

ஊசல் செய்த அன்றைக்கே ஊசல் கேள்வியை எடுங்கள், மூன்று நாள் விட்டால் கை மறந்துவிடும். புள்ளித்திட்டத்தைப் பார்க்காமல் எழுதி முடித்து, பிறகு ஒப்பிடுங்கள். பிள்ளைகள் புள்ளியை இழப்பது தெரியாததால் அல்ல, சொல்லால். "20 அலைவுகள் எடுப்பது ஏன்?" என்றால் "விடை சரியாக வர" என்று எழுதுவார்கள். அது விடையே இல்லை. "நேர அளவீட்டின் சதவீத வழுவைக் குறைக்க" என்று எழுத வேண்டும். "ஏன் நடுக் கோட்டில் எண்ணத் தொடங்கினீர்?" என்றால் "அங்கே குண்டின் வேகம் உயர்வு, கடக்கும் கணத்தைத் துல்லியமாகக் குறிக்கலாம்." ஆட்டத்தின் ஓரத்தில் குண்டு ஒரு கணம் நின்று திரும்புவதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. இதைச் சுவரில் பென்சில் கோடு போட்டவர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கடைசியாக ஒரு வீட்டு வேலை. ஈயக் குண்டைக் கழற்றிவிட்டு, கேற்றில் தொங்கும் பூட்டை நூலில் கட்டுங்கள். அதன் நடு எங்கே என்று தெரியாது, அளக்கவும் முடியாது. நூலின் நீளத்தை முடிச்சு வரைக்கும் மட்டும் அளந்து ஐந்து நீளங்களுக்குச் செய்து வரைபு வரையுங்கள். கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடத்தைப் படித்திறனால் பிரித்தால், பூட்டின் ஈர்ப்பு மையம் முடிச்சிலிருந்து எவ்வளவு கீழே என்று கிடைக்கும். பிறகு விடை சரியா என்று பூட்டை விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள்.