காபி மெஷினுக்குப் பெட்டி அடிக்கும் முன்

நான் முதன்முதலாகப் பொருத்தப் போன காபி மெஷின், கிச்சன் அலமாரியில் அதற்கென்று அடித்த பெட்டிக்குள் நுழையவே இல்லை. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் வீடு. நானும் என் ஆள் ஒருவரும் இருபது கிலோ மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அது வாயிலேயே முட்டிக்கொண்டது. டாக்டரின் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, அளந்துதானுங்களே அடிச்சீங்க?" என்றார். அளந்துதான் அடித்திருந்தேன். ஆனால் வெளி அளவை.

கணக்கு இதுதான். மாடுலர் கிச்சனில் ஆளுயர டால் யூனிட்டின் அகலம் 600 மி.மீ. இரண்டு பக்கமும் 19 மி.மீ. ப்ளை, அதில் 38 போச்சு. உள்பக்கம் ஒட்டும் மைக்கா பக்கத்துக்கு ஒரு மி.மீ., வெளிப்பக்கமும் அப்படியே. ஆக 42 கழிந்து உள்ளே மிஞ்சியது 558. அந்த மெஷின் கேட்டது 560. இரண்டு மில்லிமீட்டருக்காக உள் மைக்காவை உரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாலிஷ் அடித்துச் சமாளித்தேன். அன்றிலிருந்து கார்பென்டரிடம் நான் வெளி அளவைச் சொல்வதே இல்லை. "மைக்கா ஒட்டினதுக்கப்புறம் உள்ளே 562 சுத்தமா வேணும்" என்றுதான் சொல்வேன். 18 மி.மீ. ப்ளை போட்டாலும் 600 வெளி அளவில் 560-தான் மிஞ்சும். உயரம் பெரும்பாலும் 450 மி.மீ. ஆழம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 36 செ.மீ. போதும் என்பதும் உண்டு, 55 கேட்பதும் உண்டு. அதனால் மெஷின் மாடலை முடிவு செய்து, அதன் பொருத்தும் படத்தை இறக்கி, காகிதத்தில் அச்செடுத்துக் கார்பென்டர் கையில் கொடுத்த பிறகுதான் ப்ளையில் ரம்பம் படவேண்டும். "மெஷின் அப்புறம் பாத்துக்கலாம், நீங்க பொட்டிய அடிங்க" என்கிற வீட்டில் நான் இப்போதெல்லாம் வேலையை ஆரம்பிப்பதில்லை.

அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது வேண்டுமா? பெட்டிக்குள் உட்காரும் மெஷினும் மேடைமேல் வைக்கும் தானியங்கி மெஷினும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொட்டையை அரைக்கும், அழுத்தித் தண்ணீர் விடும், பால் நுரைக்கும். கூடுதலாகக் கொடுக்கும் காசு அழகுக்கும் மேடையில் மிஞ்சும் இடத்துக்கும். விலை லட்சங்களில்தான் ஆரம்பிக்கும். புது வீடு கட்டுகிறீர்கள் அல்லது கிச்சனையே மாற்றுகிறீர்கள் என்றால் யோசியுங்கள். இருக்கிற கிச்சனை உடைத்து இதற்கு இடம் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, இது ஃபில்டர் காபி போடாது. நம் டிகாஷன் சிக்கரியோடு சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் இறங்குவது. இது ஒன்பது பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் இறக்குவது. ருசி வேறு. அட்டைப்பெட்டியில் 15 பார், 19 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பது பம்பின் திறன். காபி இறங்குவதற்குத் தேவை அந்த ஒன்பதுதான். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது வீட்டு டபராவையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள், காபி விழும் மூக்கு எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதை அதை வைத்துத்தான் பார்க்க முடியும். உயரத்திலிருந்து விழுந்தால் டம்ளரைச் சுற்றித் தெறிக்கும். அடுத்து, காபி இறக்கும் உள் யூனிட்டை முன்பக்கமாகவே கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் நாலு நாள் கழுவாமல் விட்டால் சக்கையில் பூஞ்சை பிடிக்கும். கடைசியாக, சர்வீஸ் ஆள் உள்ளூரில் இருக்கிறாரா, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றுக்காக ஆறு வாரம் மெஷின் சும்மா உட்கார்ந்திருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி வருகிறேன் என்பார்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், இங்கே ஆகாது. ஜெர்மன் மெஷின் நம் 230 வோல்ட்டில் ஓடும், ஆனால் அதன் பிளக் ஆபத்தானது. உருண்டையான அந்த இரண்டு பின் நம் சாக்கெட்டில் பல இடங்களில் சொருகிக்கொள்ளும். எர்த் மட்டும் சேராது, ஏனென்றால் அதன் எர்த் தகடு பிளக்கின் ஓரத்தில் இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் பெட்டிக்கு எர்த் இல்லாமல் விடக்கூடாது. பிளக்கை மாற்றித்தான் ஆகவேண்டும். வாரன்டியும் பெரும்பாலும் கடல் தாண்டி வராது.

இப்போது தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம், ஏனென்றால் எங்கள் வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் மெஷின் வருடக்கணக்காக நோகாமல் ஓடுகிறது. சரவணம்பட்டி பக்கம் போர்த் தண்ணீரை ஊற்றிய ஒரு வீட்டில் நாலே மாதத்தில் சொட்டு சொட்டாக விட ஆரம்பித்துவிட்டது. டிகாஷன் மாதிரி இறங்குகிறதே என்று அவர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். உள்ளே சூடேற்றும் குழாயில் சுண்ணாம்பு அடைத்திருந்தது.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு "எங்க தண்ணி 300, பரவால்லீங்களா?" என்பார்கள். அது கரைந்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். படிவது கால்சியமும் மக்னீசியமும். அதாவது கடினத்தன்மையை அளக்க வேண்டும். மெஷினோடு ஒரு சோதனைத் தாள் வரும், தண்ணீரில் ஒரு நொடி நனைத்து நிறத்தைப் பாருங்கள். கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று இருந்தால் குழம்ப வேண்டாம்: ஒரு டிகிரி என்பது, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. குடிநீருக்கு நம் தரக்கட்டளை சொல்லும் 200 மி.கி. என்பது பதினோரு டிகிரிக்கு வரும். அந்த எண்ணை மெஷினின் செட்டிங்கில் போட்டுவிட வேண்டும். அதை வைத்துத்தான் எப்போது சுண்ணாம்பு எடுக்க வேண்டும் என்று அது சொல்லும். பெரும்பாலான வீடுகளில் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? மெஷினுக்கு நல்லது, காபிக்கு அவ்வளவு நல்லதல்ல. டி.டி.எஸ். 30, 40 இருக்கும் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் 100-லிருந்து 150-க்குள் வையுங்கள். சுண்ணாம்பு எடுக்க எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் குக்கருக்கு. மெஷினுக்கு ஊற்றினால் ரப்பர் வளையங்கள் போகும். கம்பெனி மாத்திரையையே போடுங்கள்.

நேரடியாகக் குழாய் இழுக்கும் மாடல்களும் உண்டு. நான் தொட்டி மாடலைத்தான் சொல்வேன். இரண்டு, இரண்டரை லிட்டர் பிடிக்கும், ஒரு சொம்பு கொண்டு போனால் முடிந்தது. டால் யூனிட்டுக்குள் மறைந்திருக்கும் குழாயில் கசிவு வந்தால் ப்ளை ஊதிய பிறகுதான் தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை போடுங்கள். நீராவி தினமும் படும் இடம்.

உயரம்: தரையிலிருந்து மெஷின் உட்காரும் குழியின் அடிப்பலகைக்கு 95 செ.மீ. கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஓவனுக்கு மேலே தூக்கி ஒன்றரை மீட்டரில் வைத்தால் படத்தில் அழகாக இருக்கும், டம்ளர் நிறைந்ததா என்று வீட்டு அம்மாவுக்குத் தெரியாது. கொதிக்கக் கொதிக்கக் காபியை நம் மூக்குக்கு மேலிருந்து இறக்கவேண்டி வரும். பக்கத்து யூனிட்டில் 60 செ.மீ. ஓவன் இருந்தால், மெஷினுக்குக் கீழே கப்பைச் சூடாக வைக்கும் 14 செ.மீ. வார்மிங் டிராயர் வைத்தால் மேல் கீழ் மட்டம் ஒத்துப்போகும். காசு இருந்தால் வையுங்கள். சில மெஷின்கள் தண்டவாளத்தில் முன்னால் இழுபடும், சிலவற்றில் முகப்பே கதவுபோல் பக்கவாட்டில் திறக்கும். கதவு மாடலைச் சுவர் மூலையில் வைத்தால் முழுசாகத் திறக்காது, உள் யூனிட்டும் வெளியே வராது. ஒரு சாண் இடமாவது விட்டு, கையேட்டில் சரியான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் மெஷினுக்குப் பின்னால் வரக்கூடாது. இதையும் நான் ஒருமுறை செய்து பட்டிருக்கிறேன். பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில், 16 ஆம்பியர் சாக்கெட். மெஷின் 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும், ஓவன் தனியாகப் பதின்மூன்று இழுக்கும். இரண்டையும் ஒரே லைனில் கொடுத்தால் காலை ஏழு மணிக்கு எம்.சி.பி. விழும். தனி லைன், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிபண்ணுங்கள்.

பொருத்தும் நாளில் அடிப்பலகை அசையாமல் இருக்கவேண்டும். ஷெல்ஃப் பின்னில் நிற்கும் பலகை இந்த எடையைத் தாங்காது, பக்கப்பலகையோடு திருகி, அடியில் எல் ஆங்கிளும் கொடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் கழிவுத் தண்ணீர்த் தட்டு ஒரு பக்கமாக வழியும். பின்பலகை முழுதாக மூடாமல் காற்று போக வழி விடவேண்டும். இரண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் வயரை வெளியே இழுத்துப் பிடிக்கவேண்டும். கடைசியில் பக்கத்துத் திருகுகளை முறுக்கினால் முடிந்தது. பெட்டி சரியாக இருந்தால் இது அரைமணி வேலை.

கொட்டை வாங்கும்போது கடையில் "வறுத்த கொட்டை, அரைக்காம, சிக்கரி இல்லாம" என்று மூன்று தடவை சொல்லுங்கள். பழக்க தோஷத்தில் அரைத்துவிடுவார்கள். எண்ணெய் மினுமினுக்கும் கருவறுப்பும், சர்க்கரை பூசிய கொட்டையும் அரைக்கும் கல்லில் ஒட்டிக்கொள்ளும். பீபெரி வாங்கினால் உருண்டை, தடங்கலில்லாமல் இறங்கும். தொட்டி அரைக்கிலோ பிடிக்கும் என்பதற்காக நிரப்பாதீர்கள். மூன்று நாளுக்கானது போதும். அரைப்பின் நயத்தை மெஷின் அரைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் திருகவேண்டும்.

பாலில்தான் எல்லா வீட்டிலும் பிரச்சினை வருகிறது. மெஷின் பாலை 60, 65 டிகிரிக்குத்தான் சூடாக்கும். நமக்கு நாக்கு சுட வேண்டும். டாக்டரின் அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, "இது ஆறிப்போன காபியாட்டம் இருக்குது" என்று டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்: மெஷினில் காபியை மட்டும் இரட்டையாக இறக்கிக்கொள்வது, பாலை அடுப்பில் பொங்கவிட்டு ஊற்றுவது. நுரை வேண்டுமானால் ஆற்றிக்கொள்ளலாம், அதற்கு நமக்கு மெஷின் தேவையா? நுரைக் குழாயைப் பயன்படுத்துகிறவர்கள் பாக்கெட் பாலைக் குளிரக் குளிர அப்படியே வையுங்கள். காய்ச்சி ஆறவைத்த பாலானால் வடிகட்டுங்கள், ஆடை குழாயை அடைத்துவிடும். ஆவினில் நீலப் பாக்கெட்டிலும் நுரை நன்றாக வரும். முடிந்ததும் குழாயைக் கழுவும் பட்டனை உடனே அழுத்துங்கள். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும்.

முதல் நாள் இறங்கும் நாலைந்து கப்பைக் கொட்டிவிடுங்கள். அணைக்கும்போதும் போடும்போதும் மெஷின் தானே கழுவிக்கொள்ளும், அந்தத் தண்ணீர் எல்லாம் கீழ்த்தட்டில் சேரும். காபியே குடிக்காத நாளிலும் அது நிறைந்திருப்பதைப் பார்த்து, கசிகிறது என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். ஊருக்குப் போகும்போது சக்கை, தட்டு, தொட்டி மூன்றையும் காலி செய்து, உள் யூனிட்டைக் கழற்றி சோப்பு போடாமல் குழாயடியில் கழுவிக் காயவைத்து, பக்கத்து அலமாரியில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.